உபயம் எழுதிய நீல டிரம்

கோமதியம்மாள் இறந்துபோன செய்தி எனக்குக் கைப்பேசியில் ஒரு படமாக வந்தது. தென்காசியில் இரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் பழைய மாணவர் குழுவில், "சத்துணவுத் தாய் மறைந்தார், ஆழ்ந்த இரங்கல்" என்று யாரோ போட்டிருந்தார்கள். படத்தின் முக்கால் பாகத்தில் செல்லத்துரை அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில் கைகூப்பி நின்றார். கீழே மூலையில், ரேஷன் கார்டுப் படம் அளவுக்கு, கோமதியம்மாள். இறந்தது யார் என்று ஒரு நிமிடம் எனக்கே குழம்பிவிட்டது.

மாரடைப்பாம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குழுவில் வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள் வந்து விழ ஆரம்பித்தன. அந்த அம்மாளை ஊரைவிட்டு அனுப்ப மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் குமட்டலோடுதான் இதை எழுதுகிறேன். அதில் ஒரு பங்கு என்மேலும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோமதியம்மாள் அங்கே சத்துணவு அமைப்பாளர். பிறந்த ஊர் ராயகிரி. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பரமசிவத்தைத் திருமணம் செய்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்தவர். பிள்ளைகள் அவரை "சத்துணவு டீச்சர்" என்று கூப்பிடுவார்கள்.

எதையும் மோந்து பார்ப்பது அவர் வழக்கம். அரிசி மூட்டையைப் பிரித்தால் முதலில் மூக்கு, அப்புறம்தான் கை. பருப்பு, முட்டை அட்டை, குழாய்த் தண்ணீர், புதிதாக வந்த அண்டா, எதுவும் தப்பாது. ஆசிரியர் அறையில் நாங்கள் அவருக்கு "மோப்பம் டீச்சர்" என்று பெயர் வைத்திருந்தோம். வைத்தவன் நான்தான். அவர் காதில் அது விழாமலா இருந்திருக்கும்? அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

எங்கள் பக்கம் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் மார்க்கெட்டை நம்பி விளைகிற பயிர்கள். வாரம் தவறாமல் பூச்சிமருந்து அடிப்பார்கள். மருந்து தீர்ந்ததும் அந்தக் கேனைத் தூக்கிப் போட மனசு வராது. கெட்டியான கேன், மூடி இறுக்கமாக மூடும், சாம்பல் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதில் எண்ணெய் வாங்குவார்கள், வயலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவார்கள். பிள்ளைகள் குடிதண்ணீரோடு பள்ளிக்கே கொண்டு வருவார்கள். நான் தினமும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒரு கேன், அவ்வளவுதான்.

கோமதியம்மாள் வேலைக்குச் சேர்ந்த மாதமே அந்தக் கேன்களைப் பிடுங்க ஆரம்பித்தார். பரமசிவம் மார்க்கெட்டில் சாக்கு தைக்க வைத்திருந்த கோணூசி ஒன்றை வாங்கி வந்திருந்தார். சத்துணவுக் கூடத்து அடுப்பில் அதைப் பழுக்கக் காய்ச்சி, கேனின் அடியில் நான்கு ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். "சும்மா தூக்கிப் போட்டா இன்னொரு வீட்டுக்குப் போயிரும். ஓட்டை இருந்தாத்தான் போகாது" என்பார்.

ஒரு தாய் சண்டைக்கு வந்துவிட்டார். "நல்ல கேனை இப்படிப் பண்ணிட்டியளே. மூணு தரம் கழுவித்தான் குடுத்துவிட்டேன்" என்று வாசலில் நின்று கத்தினார்.

கோமதியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "எக்கா, மழை பெஞ்சாலும் இலையில ஒட்டிக் கிடக்கணும்னுதான அந்த மருந்தைச் செய்யுதான். மழைக்குப் போவாதது உன் ஒரு செம்புத் தண்ணிக்குப் போயிருமா?" என்றார்.

அந்தத் தாய் கேனை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவரே வீட்டிலிருந்து இரண்டு கேன்களைக் கொண்டுவந்து, "இதுலயும் குத்திக் குடுங்க" என்று நீட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதாக நாங்கள் எட்டுப் பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அந்த மழைக் கணக்கு தோன்றவில்லை.

பள்ளியை ஒட்டியிருந்த வயலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்தடிப்பார்கள். காற்று இந்தப் பக்கம் வீசினால் சோற்றுத் தட்டு வரைக்கும் வாடை வரும். "அவன் வயல்ல அவன் அடிக்கான், நாம என்னம்மா சொல்ல முடியும்?" என்றேன் நான். அவர் என்னிடம் வாதாடவில்லை. வயல்காரர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினாரோ, அதற்குப் பிறகு அந்த வயலில் பள்ளி விட்ட பின்புதான் மருந்தடித்தார்கள்.

இனி டிரம் கதைக்கு வருகிறேன்.

ஒரு வருடம் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்தது. பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்க எங்களிடம் பெரிய பாத்திரம் இல்லை. செல்லத்துரை அண்ணாச்சிக்குப் பழைய சாமான் வியாபாரம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து லாரியில் வரும் காலி டிரம்களை வாங்கி, கல்யாண மண்டபங்களுக்கும் வீடுகளுக்கும் விற்பார். ஊரில் பெரிய மனிதர். ஆண்டு விழாவில் மூன்று நீல டிரம்களைப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்தார். மேடையில் அவற்றை வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டோம். மூன்றிலும் நட்டநடுவே வெள்ளைப் பட்டையடித்து, சிவப்பில் "உபயம்: செல்லத்துரை" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நான் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "கர்ண மகாராஜா" என்று பேசினேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் நாக்கைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் காலை கோமதியம்மாள் என் அறைக்கு வந்தார். "சார், அந்த டிரம் வேண்டாம். வாடை அடிக்கு. நீங்க வந்து மோந்து பாருங்க" என்றார்.

போனேன். மூடியைத் திறந்து குனிந்தேன். வாடை அடித்தது. கடுமையாக இல்லை, ஆனால் இருந்தது. மருந்துக்கடையையும் பெயின்டையும் சேர்த்த மாதிரி, தொண்டைக்குள் இறங்கி உட்காரும் வாடை. நான் நிமிர்ந்து, "ஒண்ணும் தெரியலையேம்மா. புது பெயின்ட் வாசமா இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்க, போதும்" என்றேன்.

அது பொய். அந்த நேரத்தில் எனக்குப் பிள்ளைகளின் ஞாபகம் இல்லை. முந்தின நாள் போர்த்திய பொன்னாடைதான் ஞாபகத்தில் இருந்தது.

தன் சமையலுக்கு அந்தத் தண்ணீரை அவர் தொடவில்லை. தெருக்குழாயில் குடம் குடமாக எடுத்துச் சுமந்தார். தாழ்வாரத்தில் பிள்ளைகள் குடிக்க வைத்த டிரம் என் அதிகாரத்தில் இருந்தது. அது அங்கேயே இருந்தது. அவர் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளைத் தன் குடத்துக்குக் கூப்பிடுவார். எத்தனை பிள்ளைகளைத்தான் அவர் பார்க்க முடியும்? இரண்டு வாரத்தில் வயிற்றுவலி, வாந்தி என்று பிள்ளைகள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். "வெயில், ஐஸ் தின்னது" என்றேன். நான்காம் வகுப்பில் இசக்கி என்று ஒரு பிள்ளை. அவளுக்கு உதடும் நாக்கும் புண்ணாகி, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். கோமதியம்மாள் அவளைக் கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிவந்து, "ஏட்டி, சார்ட்ட வாயைக் காட்டு" என்றார். பிள்ளை வாயைத் திறந்தது. நான் பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். டிரம்மை எடுக்கச் சொல்லவில்லை.

அன்று மாலை அவர் பெயின்டர் மாரியைத் தேடிப் போயிருக்கிறார். டிரம்மில் பெயர் எழுதியவன் அவன்தான். அவன் ஒளிக்கவில்லை. "டிரம்மு வளைஞ்சு கிடக்குலாக்கா, பிரஷ் நிக்காது. அந்தக் காகிதம் ஒட்டின இடம் மட்டும் வழவழன்னு இருந்துச்சு. அதும்மேல வெள்ளை அடிச்சு எழுதிட்டேன். எழுத்து எடுப்பா இருக்கா?" என்றானாம். அவன் கையாலேயே பெயின்டைக் கரைக்கும் தின்னரும் ஒரு பட்டைக் கத்தியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் இடைவேளையில், பிள்ளைகள் சுற்றி நிற்க, கோமதியம்மாள் டிரம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். "உபயம்" போய்விட்டது, "செல்ல" போய்விட்டது, "துரை" மட்டும் மிச்சமிருந்தது. சுரண்டிய இடத்தில் ஒரு மண்டையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் நான்கைந்து வரிகள். நான் அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன். விஷம் என்றும், காலியான பின்பு இந்தக் கலத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருந்ததைப் படிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன சார் எழுதியிருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

அப்போது என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தையை இன்றைக்குவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. நான் கோமதியம்மாளைப் பார்த்து, "குடுத்தவர் பேரை அழிச்சிட்டியேம்மா" என்றேன்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மோந்து பார்த்து ஒதுக்கி வைத்த மூட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு உள்ளே போய், கோணூசியைக் காய்ச்சிக் கொண்டுவந்து, மூன்று டிரம்மிலும் அடியில் குத்தினார். தண்ணீர் தாழ்வாரம் முழுக்க ஓடியது.

ஊர் கூடியது. மண்டையோட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, பெயரை அழித்ததைப் பற்றி மட்டும் பேசினார்கள். வாந்தி எடுத்த பிள்ளைகளின் அப்பாக்கள் கூட்டத்தில் கைகட்டி நின்றார்கள். செல்லத்துரை அண்ணாச்சி பொறுமையாகத்தான் பேசினார். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா தாயி? நம்ம ஊர்ல அப்படி ஒரு வழக்கம் உண்டா?" என்றார்.

"நான் மாட்டுப் பல்லைப் பாக்கல அண்ணாச்சி. பிள்ளைய வாயைப் பாத்தேன். அங்கன புண்ணு இருந்துச்சு" என்றார் கோமதியம்மாள்.

அந்த வாரமே அவரை மாற்றச் சொல்லி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போனது. என்னிடம் அறிக்கை கேட்டார்கள். "நன்கொடையாக வந்த பள்ளிச் சொத்தை, தலைமையாசிரியரின் அனுமதியின்றிச் சேதப்படுத்தினார்" என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி வகுப்பில் சிரித்துப் பேசியவன் நான். அறிக்கையின் நகலை வாங்கி அவர் நின்றபடியே படித்தார்.

"நீங்க எழுதினதுல ஒரு பொய்யும் இல்ல சார். சுரண்டினதும் நாந்தான், குத்தினதும் நாந்தான். சுரண்டின எடத்துல என்ன இருந்துச்சுன்னு மட்டும் எழுதல" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அன்றைய சமையலைக் கவனிக்கப் போனார். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு அவரை மாற்றினார்கள். குடும்பமும் அங்கே குடிபோனது. பரமசிவம் அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து மார்க்கெட்டுக்கு வந்து மூட்டை தூக்கினார். ஓட்டை விழுந்த டிரம்கள் போன பிறகு பள்ளியில் வாந்தி நின்றது. இசக்கிக்கு வாய்ப்புண் ஆறியது. அதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பின், குற்றாலத்தில் அவரைப் பார்த்தேன். சீசன் நேரம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு மன்றத்தார் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குச் சுக்குத்தண்ணீர் ஆற்றிக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆற்றி வைத்திருந்தது நீல டிரம்மில். டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு அம்மாள் நின்றார். மன்றத்து இளைஞர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலை வெளியே வந்தபோது பார்த்தால், கோமதியம்மாள்.

"சார், நல்ல நேரத்துல வந்திய" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர்போல. "நான் சொன்னா இவங்களுக்கு வெளையாட்டா இருக்கு. நீங்க படிச்சவுக. மோந்து பாத்துச் சொல்லுங்க."

குனிந்தேன். சுக்கு வாசத்துக்கு அடியில் அதே வாடை. "அடிக்கு" என்றேன். "தம்பி, நான் தலைமையாசிரியரா இருந்தவன். இதைப் பிள்ளைகளுக்குக் குடுக்காதிய. கீழ ஊத்துங்க." இளைஞர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் ஊற்றிவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அதை நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்னவாயிருக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இருவரும் கொஞ்ச தூரம் நடந்தோம். பழக்கடைகளைத் தாண்டும்போது அவர் திரும்பாமலே சொன்னார்: "அன்னைக்கும் அடிச்சுது சார்."

"ஆமா" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். நிமிர்ந்தப்ப மூக்கைத் துடைச்சிய" என்றார்.

பிறகு கடையில் மங்குஸ்தான் வாங்கி, என் பேரப்பிள்ளைகளுக்கு என்று இரண்டை என் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிட்டு என்று கிளம்பிவிட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய பள்ளி வளாகத்தில் அவருக்கு நினைவஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நான் பேச வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். பந்தல், நாற்காலி, பெரிய பிளெக்ஸ். பக்கத்தில் அடுப்பு மூட்டி வந்தவர்களுக்குச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. செல்லத்துரை அண்ணாச்சிக்கு முதல் பேச்சு. "அந்தத் தாயைப் பத்தி ஒரு காலத்துல தப்பா பேசினவங்க உண்டு. நான் எப்பமும் அவுக பக்கம்தான் நின்னேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பந்தல் ஓரத்தில் மோர் வைத்திருந்தார்கள். நீல டிரம். நடுவில் வெள்ளைப் பட்டை. சிவப்பெழுத்தில், "கோமதியம்மாள் நினைவாக, உபயம்: செல்லத்துரை." முன்பு எழுதிய அதே மாரிதான் எழுதியிருக்க வேண்டும், எழுத்து எடுப்பாகவே இருந்தது.

ஒரு பெண், இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையோடு, தம்ளரில் மோர் மொண்டு பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனாள். "சார், என்னைத் தெரியுதா? இசக்கி" என்றாள்.

"குடுக்காத" என்றேன். கைத்தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு டிரம்மின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன். கொத்தமல்லி, கறிவேப்பிலை, பெருங்காயம், அதற்கு அடியில் அது. லேசாகத்தான்.

"என்ன சார்?" என்றாள் இசக்கி.

"வாடை அடிக்கு" என்றேன். கூட்டத்துக்கும் கேட்க வேண்டும் என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன். "இந்த மோரை யாரும் குடிக்காதிய. இதுல வாடை அடிக்கு. மூணு டிரம்மு முன்ன குடுத்தாரே, அதுலயும் அடிச்சுது. நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "சாருக்கு வயசாயிட்டு" என்று யாரோ சொன்னார்கள். செல்லத்துரை அண்ணாச்சி மேடையிலிருந்தே சிரித்தபடி, "நல்லா கழுவித்தான் சார் வச்சிருக்கு" என்றார். இசக்கி தம்ளரைக் கீழே கவிழ்த்தாள். பிள்ளை மோருக்கு அழுதது.

முன்வரிசையில் மாலை போட்ட படத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்த பரமசிவம் எழுந்தார். யாரையும் பார்க்காமல் அடுப்புக்குப் போனார். மடியிலிருந்து கோணூசியை எடுத்தார். மரப்பிடி கறுத்துப்போன அதே பழைய ஊசி. அதைத் தணலுக்குள் செருகி, சிவக்கும் வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. பிறகு வந்து டிரம்மின் முன்னால் முழங்காலிட்டு, வெள்ளைப் பட்டையில் "உபயம்" என்ற எழுத்துக்கு மேலேயே குத்தினார். பிளாஸ்டிக் கருகிய நாற்றத்தோடு மோர் பீய்ச்சி அடித்து, அவர் சட்டையை நனைத்தது. அவர் நகரவில்லை. கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று குத்திக்கொண்டே இருந்தார்.

கோமதியம்மா, அந்த மோர் மண்ணில் ஊறுவதை நான் நின்று பார்த்தேன். இசக்கியின் பிள்ளை குடிக்கவில்லை. வாடை அடித்தது என்று இந்தமுறை யாரும் கேட்காமலே சொல்லிவிட்டேன், மூக்கையும் துடைக்கவில்லை. போய் வாருங்கள்.